இடைநிலை ஆங்கில இலக்கணப் பயிற்சியும் உரையாடலும்: நன்னூலின் வினா விடை வகைகளை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கில இலக்கண விதிகளை அறிந்து, பயிற்சி ஏடுகளில் பிழையின்றி விடை எழுதும் மாணவர் பலர், அவ்விதிகளை உரையாடலில் பயன்படுத்த இயலாமல் தடுமாறுகின்றனர். கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சி, எந்த வினைவடிவத்தைத் தேர்ந்தெடுப்பது என்னும் முடிவைப் பெரும்பாலும் மாணவருக்காகத் தானே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. உரையாடலோ அம்முடிவைப் பேசுபவரிடமே விட்டுவிடுகிறது. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவைக் குறைக்க, நன்னூல் கூறும் அறுவகை வினாவையும் எண்வகை விடையையும் உரையாடற் பயிற்சியின் சட்டகமாகக் கொள்ளலாம் என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குகிறது. தமிழ்வழி பயின்ற மாணவரின் தாய்மொழி இலக்கண அறிவு, ஆங்கிலம் கற்பதற்குத் தடையாகாது துணையாகும் இடங்களையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: இடைநிலைக் கற்போர், ஆங்கில இலக்கணம், நிறைவு நிகழ்காலம், வினா வகை, விடை வகை, நன்னூல், உரையாடற் பயிற்சி.

முன்னுரை

தமிழகக் கலை, அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் பட்டப் படிப்பில் சேரும் மாணவர், மொழிப்பாடத்தைப் பகுதி ஒன்றிலும் ஆங்கிலத்தைப் பகுதி இரண்டிலும் பயில்கின்றனர். அவர்களுள் தமிழ்வழியில் பள்ளிக்கல்வியை முடித்து வருவோரும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆங்கிலத்தை ஒரு பாடமாகக் கற்றவர்களே. செய்வினை வாக்கியத்தைச் செயப்பாட்டுவினையாக மாற்றவும், நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றவும், அடைப்புக்குறிக்குள் தந்த வினைச்சொல்லை உரிய காலத்தில் எழுதவும் அவர்கள் பழகியிருக்கிறார்கள். அதே மாணவரிடம் ‘நேற்று ஏன் வரவில்லை?’ என ஆங்கிலத்தில் கேட்டால், ஒற்றைச் சொல்லில் விடை வருகிறது. அல்லது ஒரு புன்னகையோடு உரையாடல் நின்றுவிடுகிறது. வேலைவாய்ப்பு நேர்காணல்களில் இந்நிலை அவர்களின் வாழ்க்கையையே பாதிக்கிறது.

இதற்குத் தாய்மொழியின் தாக்கமே காரணம் எனக் கூறி, ஆங்கில வகுப்பறையிலிருந்து தமிழை முற்றிலும் விலக்கும் போக்கு ஒருபுறம் காணப்படுகிறது. மேலும் பல பயிற்சிகளை எழுதினால் குறை தீரும் என நம்பும் போக்கு மற்றொருபுறம் உள்ளது. இவ்விரு போக்குகளையும் மறுபரிசீலனை செய்து, பயிற்சிக்கும் உரையாடலுக்கும் இடையே அமையத்தக்க ஒரு பாலத்தைத் தமிழ் இலக்கண மரபிலிருந்தே பெற முடியும் என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். இது விளக்கமுறையில் அமைந்த கட்டுரை. ஆங்கிலத் தொடர்கள் படிப்போர் வசதிக்காகத் தமிழ் எழுத்திலேயே தரப்பட்டுள்ளன.

இடைநிலை என்பதன் பொருள்

ஐரோப்பிய அவை 2001ஆம் ஆண்டு வெளியிட்ட மொழிகளுக்கான பொதுச் சட்டகம், மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை 6 நிலைகளாகப் பகுக்கிறது. அவற்றுள் பி1, பி2 ஆகிய இரண்டும் இடைநிலையைக் குறிக்கும். இச்சட்டகம் ஒரு நிலையை வரையறுக்கும்போது, மாணவர் எத்தனை விதிகளை அறிந்தவர் என்று கேட்பதில்லை. மொழியைக் கொண்டு அவரால் என்ன செய்ய முடியும் என்றே கேட்கிறது. தம் அனுபவத்தையும் ஒரு நிகழ்வையும் விவரித்தல், தம் கருத்துக்கும் திட்டத்துக்கும் சுருக்கமாகக் காரணம் கூறுதல் ஆகியன பி1 நிலையினரிடம் எதிர்பார்க்கப்படும் திறன்கள். எனவே இடைநிலை இலக்கணம் என்பது புதிய விதிகளின் தொகுதி என்பதைவிட, அறிந்த விதிகளுக்குள் தேர்வு செய்யும் திறன் என்பதே பொருந்தும்.

ரேமண்ட் மர்ஃபி எழுதி 1985இல் வெளிவந்த ‘இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்’ என்னும் நூல், இடைநிலை மாணவர் தாமே கற்றற்குரியதாக உலகெங்கும் பரவியது. இடப்பக்கத்தில் விளக்கம், வலப்பக்கத்தில் பயிற்சி என்பது அதன் அமைப்பு. விளக்கத்தைப் படித்தவுடன் பயிற்சி செய்து தம்மைச் சோதித்துக்கொள்ள அது உதவுகிறது. ஆயினும் வலப்பக்கத்தை முடித்த மாணவர் அடுத்து யாரிடம், எதைப் பேசுவது என்பது ஆசிரியர் எதிர்கொள்ள வேண்டிய வினாவாகும்.

பயிற்சி தருவதும் தராததும்

‘நான் அவரை நேற்றுப் பார்த்தேன்’ என்னும் பொருள்பட, ‘ஐ ____ ஹிம் எஸ்டர்டே’ என்று ஒரு பயிற்சி அமைவதாகக் கொள்வோம். ‘எஸ்டர்டே’ என்னும் சொல்லைக் கண்டதும் மாணவர் ‘சா’ என எழுதிவிடுவார். ‘சின்ஸ்’ என்னும் சொல்லைக் கண்டால் ‘ஹேவ்’ சேர்ப்பார். அவர் வாக்கியத்தின் பொருளைக் கருதவில்லை. அடையாளச் சொல்லை மட்டுமே நோக்கினார். விடை சரியாயினும், அவ்விடை காலத் தேர்வைப் பற்றிய அறிவுக்குச் சான்றாகாது. உரையாடலில் இத்தகைய அடையாளச் சொல்லை எவரும் முன்கூட்டி எழுதி வைப்பதில்லை. எதைச் சொல்வது, நடந்ததைக் கடந்துபோனதாகக் கருதுவதா, இப்போதைய நிலையோடு தொடர்புடையதாகக் கருதுவதா என்பதைப் பேசுபவரே முடிவு செய்ய வேண்டும்.

இக்காரணத்தால் பயிற்சிகளை மூன்றாகப் பகுத்துக் காண்பது பயன்தரும். முதலாவது வடிவப் பயிற்சி. வினையின் மூன்று வடிவங்களையும் துணைவினைகளையும் மனத்தில் பதியவைக்க இது தேவை. இரண்டாவது தேர்வுப் பயிற்சி. ‘ஷீ லிவ்ட் இன் மதுரை ஃபார் டென் இயர்ஸ்’, ‘ஷீ ஹேஸ் லிவ்ட் இன் மதுரை ஃபார் டென் இயர்ஸ்’ என்னும் இரண்டும் இலக்கண வழுவற்ற வாக்கியங்கள். இவற்றுள் எவர் இன்னும் மதுரையில் வாழ்கிறார் என்று கேட்டால், மாணவர் பொருளை எண்ணியே விடை கூற இயலும். அடையாளச் சொல் இரண்டிலும் ஒன்றே என்பதால் அது உதவாது. மூன்றாவது தேவைப் பயிற்சி. ஒரு குறிப்பிட்ட வடிவத்தைப் பயன்படுத்தினாலன்றிச் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாத சூழலை இது உருவாக்குகிறது. நம் வகுப்பறைகளில் முதல் வகை மிகுதி. இரண்டாம் வகை அரிது. மூன்றாம் வகை உரையாடலில் மட்டுமே அமையக்கூடியது.

அவ்வாறாயின் மாணவரைத் தம் விருப்பம்போல் பேசவிட்டாலே போதாதா என்னும் வினா எழலாம். போதாது. ஜாக்குலின் ஷாக்டர் 1974இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், கற்போர் தமக்குக் கடினமான அமைப்பைத் தவறாகப் பயன்படுத்துவதைவிட அதனைத் தவிர்த்துவிடுவதுண்டு என்பதை எடுத்துக்காட்டினார். தவிர்க்கப்பட்ட அமைப்பில் பிழையே தோன்றாது. ஆகவே ஆசிரியர் கண்ணுக்கு அது புலப்படுவதுமில்லை. கட்டற்ற உரையாடலில் மாணவர் எளிய நிகழ்காலத்தையும் இறந்தகாலத்தையும் மட்டும் கொண்டு காலம் கழித்துவிடலாம். மெரில் ஸ்வெயின் 1985இல் முன்வைத்த கருத்தும் இங்கு நினைக்கத்தக்கது. கேட்டுப் புரிந்துகொள்வதற்குச் சொற்களின் பொருளே பல நேரங்களில் போதுமானது. பிறர்க்குப் புரியுமாறு பேச முயலும்போதுதான் தொடரமைப்பின் மீது கவனம் செல்கிறது என்பது அவர் கருத்தின் சாரம். ஆக, உரையாடல் வேண்டும். அது தவிர்த்தலுக்கு இடந்தராத உரையாடலாகவும் அமைய வேண்டும்.

தமிழ் வினைவடிவங்களும் ஆங்கிலக் காலங்களும்

இரு மொழிகளை ஒப்பிட்டுக் கற்றல் இடர்களை முன்னறியலாம் என்னும் கொள்கையை ராபர்ட் லாடோ 1957இல் விரிவாக எடுத்துரைத்தார். ஒப்பீடு எல்லாப் பிழைகளையும் விளக்கிவிடாது என்பதைப் பின்வந்த ஆய்வாளர் காட்டினர். எனினும், இடைநிலை மாணவரின் தடுமாற்றங்கள் சிலவற்றைப் புரிந்துகொள்ள ஒப்பீடு இன்றும் உதவுகிறது.

வகுப்பறையில் ‘பிரசென்ட் பெர்ஃபெக்ட்’ என்றே வழங்கும் நிறைவு நிகழ்காலத்தை எடுத்துக்கொள்வோம். ‘சாப்பிட்டீர்களா?’ என்னும் தமிழ் வினாவில் இருப்பது எளிய இறந்தகாலம். ஆங்கிலத்தில் அது ‘ஹேவ் யூ ஈட்டன்?’ என நிறைவு நிகழ்காலத்தில் அமைவது இயல்பு. ‘சாப்பிட்டுவிட்டேன்’ என்பதற்கு ‘ஐ ஹேவ் ஈட்டன்’ பொருந்தும். ஆனால் ‘நேற்றே முடித்துவிட்டேன்’ என்பதற்கு ‘ஐ ஃபினிஷ்ட் இட் எஸ்டர்டே’ என்றே கூற வேண்டும். ‘விடு’ என்னும் துணைவினை இரண்டிடத்தும் வருகிறது. ஆங்கிலம் இரண்டாகப் பிரிகிறது.

‘இரு’ என்னும் துணைவினை இன்னும் நுட்பமானது. காலையில் நனைந்த தரையைக் கண்டவர், ‘நேற்று இரவு மழை பெய்திருக்கிறது’ என்பார். இங்கு ‘இரு’ கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வதைக் குறிக்கிறது. ஆகவே கடந்த காலத்தைக் குறிக்கும் ‘நேற்று இரவு’ என்னும் சொல்லோடு அது இயைந்து வருகிறது. இதனை அப்படியே ‘இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்’ என்றால் ஆங்கிலத்தில் வழுவாகும். உய்த்துணர்வைக் கூற ‘இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்’ என்னும் அமைப்பு வேண்டும். ‘பெய்திருக்கிறது’ என்பதை எப்போதும் ‘ஹேஸ்’ கொண்டு பெயர்க்கக் கற்ற மாணவர் இவ்விடத்தில் இடறுவது வியப்பன்று.

தாய்மொழி துணைசெய்யும் இடங்களும் உண்டு. ‘சின்ஸ்’, ‘ஃபார்’ என்னும் இரண்டையும் மாற்றிப் பயன்படுத்துவது பரவலான பிழை. ‘திங்கட்கிழமையிலிருந்து’ என்பதற்கும் ‘மூன்று நாள்களாக’ என்பதற்கும் தமிழில் உள்ள வேறுபாடு இதே வேறுபாடுதான். தொடங்கிய புள்ளிக்கு ஒன்று, கழிந்த அளவுக்கு மற்றொன்று. நிபந்தனைத் தொடரிலும் இத்தகைய ஒப்புமை காணலாம். ‘நீ வந்திருந்தால் நான் கொடுத்திருப்பேன்’ என்பதன் இரு பகுதிகளிலும் ‘இரு’ வருவதுபோல, ‘இஃப் யூ ஹேட் கம், ஐ வுட் ஹேவ் கிவன் இட்’ என்பதன் இரு பகுதிகளிலும் ‘ஹேவ்’ என்பதன் வடிவம் வருகிறது. தமிழை விலக்கும் வகுப்பறை இந்தத் துணையையும் சேர்த்தே இழக்கிறது.

நன்னூலின் அறுவகை வினா

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம், வினாவையும் அதற்குரிய செப்பையும் வழுவின்றி அமைப்பது பற்றிப் பேசுகிறது. வினாவுக்கு எதிராக வரும் வினாவும் விடையாகலாம் என்பதும் அங்கேயே கூறப்படுகிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவரின் நன்னூல், சொல்லதிகாரத்தின் பொதுவியலில் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகைப்படுத்துகிறது. அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன வினா வகைகள். பள்ளித் தமிழ்ப் பாடத்திலேயே இவற்றைக் கற்று வந்த மாணவர்க்கு இவை புதியன அல்ல.

இவ்வகைப்பாடு வினாவின் வடிவத்தை அடிப்படையாகக் கொண்டதன்று. கேட்பவரின் நோக்கத்தை அடிப்படையாகக் கொண்டது. உரையாடற் பயிற்சிக்கு இது பயன்படுவதற்குக் காரணமும் இதுவே. ஆசிரியர் தாம் விடையறிந்திருந்தும் மாணவரைச் சோதிக்கக் கேட்பது அறிவினா. அறியாததை அறியக் கேட்பது அறியாவினா. மைக்கேல் லாங், சார்லின் சாட்டோ ஆகியோர் 1983இல் வெளியிட்ட ஆய்வு, மொழி வகுப்பறை வினாக்களைச் சோதிக்கும் வினா, அறியும் வினா எனப் பிரித்து நோக்கி, வகுப்பறையில் முன்னது மிகுதியாகவும் வெளியுலகப் பேச்சில் பின்னது மிகுதியாகவும் வருவதைக் காட்டியது. இப்பிரிவு நம் மரபில் பெயரிட்டு வழங்கப்பட்டு வந்தது என்பது குறிப்பிடத்தக்கது. இருவர் நோக்கமும் வேறு. எனினும் கண்ட வேறுபாடு ஒன்றே.

ஒவ்வொரு வினா வகையும் ஆங்கிலத்தில் வெவ்வேறு இலக்கணக் கூறுகளை வேண்டுகிறது. அறியாவினாவில் ‘டூ’, ‘டிட்’ ஆகிய துணைவினைகளும் எழுவாய்க்கு முன் துணைவினை வரும் வரிசைமாற்றமும் தேவை. தமிழில் வினாச்சொல்லைச் சேர்ப்பதாலோ ‘ஆ’ என்னும் எழுத்தை ஈற்றில் சேர்ப்பதாலோ வினா அமைந்துவிடுகிறது. சொல் வரிசை மாறுவதில்லை. ‘வை யூ டிட் நாட் கம்?’ என்னும் பிழை இதனோடு தொடர்புடையது. ஐயவினாவில் ‘மைட் பி’, ‘மஸ்ட் பி’, ‘கான்ட் பி’ என்னும் அமைப்புகளுக்கு இடமுண்டு. பாம்போ கயிறோ என ஐயுறும் சூழலை ஒரு தெளிவற்ற படத்தைக் காட்டியே வகுப்பில் உருவாக்கிவிடலாம். ஏவல்வினாவில் ‘ஹேவ் யூ சப்மிட்டெட் யுவர் ரெக்கார்ட்?’ என்பது போலக் கேள்வி வடிவில் கட்டளை அமைவதை மாணவர் உணர்வர்.

கொளல்வினாவும் கொடைவினாவும் தனிக் கவனத்துக்குரியவை. உடன்பாட்டு வாக்கியத்தில் ‘சம்’, வினாவிலும் எதிர்மறையிலும் ‘எனி’ என்பது பயிற்சி ஏடுகளின் விதி. ஆனால் ஒன்றைப் பெற விரும்பிக் கேட்பவர் ‘கேன் ஐ ஹேவ் சம் வாட்டர்?’ என்கிறார், கொடுக்க விரும்பிக் கேட்பவர் ‘வுட் யூ லைக் சம் டீ?’ என்கிறார். வடிவத்தை மட்டும் நோக்கினால் இவை விதிவிலக்கு. நோக்கத்தைக் கருதினால், இல்லையோ உண்டோ என அறியக் கேட்கும் வினாவில் ‘எனி’யும், கொளல், கொடை வினாக்களில் ‘சம்’மும் இயல்பாக அமைவது விளங்கும். விதிவிலக்காகத் தோன்றிய ஒன்று நன்னூலின் வகைப்பாட்டில் தனக்குரிய இடத்தைப் பெறுகிறது.

எண்வகை விடையும் இலக்கணத் தேர்வும்

சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என விடை எட்டு வகைப்படும். முதல் மூன்றும் நேரடி விடைகள். ஏனைய ஐந்தும் குறிப்பால் விடையாகும் தன்மையன. ‘கேன் யூ கம் டு த லைப்ரரி திஸ் ஈவ்னிங்?’ என்னும் ஒரே வினாவுக்கு இவ்விடைகளை அமைத்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் ஓர் இலக்கணத் தேர்வைக் கட்டாயமாக்குவது புலப்படும்.

நேர்விடை ‘யெஸ், ஐ கேன்’ என அமையும். தமிழில் ‘வருவாயா?’ என்பதற்கு ‘வருவேன்’ என முதன்மை வினையே திரும்ப வரும். ஆங்கிலத்தில் துணைவினை திரும்ப வரும். மறைவிடையில் ‘நோ, ஐ கான்ட்’ என்பதோடு மற்றொரு சிக்கலும் உள்ளது. ‘டிடன்ட் யூ கம் எஸ்டர்டே?’ என எதிர்மறையில் கேட்டால், தமிழ் மரபில் ‘ஆமாம், வரவில்லை’ எனக் கேட்டவர் கூற்றை உடன்படுவோம். ஆங்கிலத்தில் ‘நோ, ஐ டிடன்ட்’ என்பதே முறை. அங்கு ‘யெஸ்’, ‘நோ’ என்பன கேட்டவர் கூற்றைச் சாராமல் விடையின் உடன்பாட்டையும் எதிர்மறையையும் சார்ந்தவை. நேர்காணலில் ‘யெஸ்’ என்று மட்டும் கூறி நிறுத்திய மாணவர், தாம் கருதியதற்கு நேர்மாறான பொருளைத் தந்துவிடக்கூடும்.

சுட்டுவிடைக்கு ‘வேர் இஸ் த லைப்ரரி?’ போன்ற வினா பொருந்தும். ‘இட் இஸ் பிஹைண்ட் த ஆடிட்டோரியம்’ என்னும் விடையில் இடத்தைக் குறிக்கும் சொல்லும் ‘த’ என்னும் சுட்டும் பயில்கின்றன. ஏவல் விடை, ‘டேக் மாலா வித் யூ’ என முன்னிலை ஏவலாகும். வினா எதிர் வினாதலில் ‘ஹேவ் ஐ எவர் செட் நோ?’ என, என்றேனும் மறுத்ததுண்டா என்னும் எதிர்வினா உடன்பாட்டுப் பொருள் தரும்.

உற்றது உரைத்தல் இக்கட்டுரையின் மையமான எடுத்துக்காட்டு. நூலகத்துக்கு வர முடியுமா என்ற வினாவுக்கு ஒருவர், ‘ஐ ஹேவ் ஸ்ப்ரெயின்ட் மை ஆங்கிள்’ என்கிறார். கணுக்கால் சுளுக்கிக்கொண்டது முன்னர் நிகழ்ந்தது. ஆனால் அவர் அதனைக் கூறுவது, இப்போது வர இயலாமையை உணர்த்துவதற்காக. நடந்த ஒன்று இப்போதைய நிலைக்குக் காரணமாக நிற்பதைக் கூறுவதே நிறைவு நிகழ்காலத்தின் முதன்மையான பயன். ‘இறந்தகால நிகழ்வுக்கு நிகழ்காலத்தோடு தொடர்பு இருக்க வேண்டும்’ என்னும் விதியைப் பலமுறை கேட்டும் விளங்காத மாணவர்க்கு, ‘உற்றது உரைத்து விடை கூறுக’ என்னும் ஒரு குறிப்பு அத்தொடர்பைத் தானே உணர்த்திவிடும். அமெரிக்க வழக்கில் இத்தகைய இடங்களில் எளிய இறந்தகாலமும் வருவதுண்டு என்பதையும் ஆசிரியர் கூறிவைத்தல் நலம்.

உறுவது கூறல், வந்தால் என்ன நேரும் என்பதைக் கூறி மறுப்பது. ‘இஃப் ஐ கம், ஐ வில் மிஸ் த லாஸ்ட் பஸ்’ என நிபந்தனைத் தொடர் இயல்பாக வருகிறது. ‘இஃப் ஐ வில் கம்’ என்னும் பிழையைத் திருத்த, ‘வந்தால்’ என்னும் தமிழ்ச் சொல்லிலும் எதிர்கால இடைநிலை இல்லை என்பதைக் காட்டினால் போதும். இனமொழி விடை, கேட்டதற்கு இனமான வேறொன்றைக் கூறுவது. ‘ஐ கேன் கம் டுமாரோ மார்னிங்’ என்னும் விடை, மறுப்பைச் சொல்லாமலே உணர்த்துகிறது; மாற்று ஏற்பாட்டையும் தருகிறது. இடைநிலை மாணவர்க்குப் பெரிதும் வேண்டப்படும் மென்மையான மறுப்பு இதில் பயிற்சி பெறுகிறது.

வகுப்பறைச் செயல்முறை

தென்னிந்தியப் பள்ளிகளில் 1979 முதல் 1984 வரை நடைபெற்ற பெங்களூர்த் திட்டத்தை முன்னின்று நடத்திய என்.எஸ். பிரபு, வகுப்பறைச் செயல்பாடுகளைத் தகவல் இடைவெளி, தருக்க இடைவெளி, கருத்து இடைவெளி என மூவகைப்படுத்தினார். ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியாதிருத்தலே தகவல் இடைவெளியின் அடிப்படை. அறியாவினா பிறக்கும் இடமும் அதுவே. பிரபுவின் திட்டம் இலக்கணத்தை வெளிப்படையாகக் கற்பிக்காமல், பொருளின் மீது கவனத்தை நிறுத்தியது. இங்கு முன்வைக்கப்படும் முறை, விதியை முன்னரே கற்று வந்த கல்லூரி மாணவர்க்கானது என்பதால், வெளிப்படையான இலக்கணத்தையும் அதனோடு இணைத்துக்கொள்கிறது.

மாணவர் மும்மூவராக அமர்வர். முதலாமவர் வினா வகை எழுதிய ஒரு சீட்டை எடுத்து, அவ்வகையில் ஆங்கிலத்தில் ஒரு வினாவை எழுப்புவார். இரண்டாமவர் விடை வகை எழுதிய சீட்டை எடுத்து, அதற்கேற்ப விடை கூறுவார். சீட்டுகளில் ‘கொடைவினா’, ‘உற்றது உரைத்தல்’ எனத் தமிழ்ப் பெயர்கள் மட்டுமே இருக்கும். எந்த ஆங்கில வடிவம் வேண்டும் என்னும் குறிப்பு இராது. வடிவத்தைத் தேர்வது மாணவர் பொறுப்பு. சீட்டில் வந்த வகையை விட்டு வேறொன்றுக்குச் செல்ல இயலாமையால், கடினமானதைத் தவிர்க்கும் வாய்ப்பும் குறைகிறது.

மூன்றாமவர் கேட்டதை நினைவிற்கொண்டு அடுத்த குழுவினர்க்கு அறிவிப்பார். அயற்கூற்று இங்கு உண்மையான தேவையாகிறது. தமிழில் ‘எங்கே போகிறாய் என்று கேட்டார்’ என, ‘என்று’ என்னும் சொல்லின் முன் நேர்க்கூற்று அப்படியே நிற்க முடியும். அதனால் ‘ஹி ஆஸ்க்ட் மீ வேர் ஆர் யூ கோயிங்’ என்னும் பிழை மாணவரிடம் நிலைபெறுகிறது. ‘வேர் ஐ வாஸ் கோயிங்’ என இடமும் காலமும் வரிசையும் மாறுவதை, கேட்ட செய்தியை மற்றவர்க்குச் சொல்லும்போது மீண்டும் மீண்டும் செய்தே பழக வேண்டும்.

ஒரு சுற்று முடிந்தபின் மூவரும் தம் இடங்களை மாற்றிக்கொள்வர். ஒரு மணிநேர வகுப்பில் முதற்பகுதியை வடிவப் பயிற்சிக்கும் தேர்வுப் பயிற்சிக்கும், பெரும்பகுதியை இவ்வுரையாடலுக்கும், இறுதிப் பகுதியைப் பிழை நோக்கலுக்கும் ஒதுக்கலாம்.

பிழையை அணுகும் முறை

கற்போரின் பிழைகள் அவர்கள் மனத்தில் உருவாகிவரும் மொழி ஒழுங்கைக் காட்டும் சான்றுகள் என்பதை எஸ். பிட் கார்டர் 1967இல் விளக்கினார். விதியறிந்தும் கவனக்குறைவால் நேரும் தவறு வேறு. அறியாமையால் நேரும் பிழை வேறு என அவர் பிரித்துக் காட்டினார். முன்னதைச் சுட்டினால் மாணவர் தாமே திருத்திக்கொள்வர். பின்னதற்குக் கற்பித்தல் வேண்டும். லாரி செலிங்கர் 1972இல் இவ்வொழுங்குக்கு இடைமொழி என்னும் கருத்தாக்கத்தைத் தந்தார்.

உரையாடலின் இடையே ஒவ்வொரு பிழையையும் நிறுத்தித் திருத்தினால், மாணவர் மௌனத்துக்கே திரும்புவர். ஆகவே ஆசிரியர் குழுக்களிடையே சென்று கேட்டவற்றைப் பெயர் குறிக்காமல் ஏட்டில் பதிவு செய்தல் வேண்டும். இறுதியில் அவற்றுள் நான்கைந்து தொடர்களைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றோடும் சரியான தொடரையும் இணைத்து, எது பேசியவரின் கருத்தை உணர்த்துகிறது எனக் கேட்கலாம். இவ்வாறு உரையாடலில் தோன்றிய பிழை அடுத்த தேர்வுப் பயிற்சியின் பொருளாகிறது. பயிற்சியிலிருந்து உரையாடலுக்கும், உரையாடலிலிருந்து பயிற்சிக்கும் செல்லும் சுழற்சி முழுமை பெறுகிறது. அச்சிட்ட ஏட்டின் பயிற்சியைவிட, தம் வகுப்பில் பிறந்த வாக்கியத்தின் மீது மாணவர்க்கு ஈடுபாடு மிகுதி.

இம்முறையின் வரம்புகள்

நன்னூல் தமிழ் மொழியின் இயல்பை உரைக்கும் நூல்; பிறமொழி கற்பித்தலுக்காக எழுதப்பட்டதன்று. அதன் வினா விடை வகைகளை இங்குப் பயன்படுத்துவது ஒரு கருவியாகக் கொள்ளும் அளவிலேயே. ஆங்கில இலக்கணத்தின் எல்லாப் பகுதிகளும் இச்சட்டகத்துள் அடங்கா. செயப்பாட்டுவினையும், ‘ஹூ’, ‘விச்’ முதலியவற்றால் அமையும் பெயரடைத் தொடர்களும் இவ்வுரையாடலில் தாமாக வருதல் அரிது. ‘எ’, ‘த’ ஆகியவற்றின் வேறுபாட்டுக்கும் தனிப் பயிற்சி வேண்டும். ‘புத்தகம் வாங்கினேன்’, ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்பவற்றிடையே ஐ உருபு ஏற்படுத்தும் வேறுபாட்டிலிருந்து அதனைத் தொடங்கலாம்.

தமிழை மொழிப்பாடமாகப் பயிலாத மாணவர் உள்ள வகுப்பில், சீட்டின் பெயர்களை விளக்கும் பொறுப்பைத் தமிழ் பயின்ற மாணவரிடமே ஒப்படைக்கலாம். இதன் பயனை அளவிட, ஒரே வினாத்தாளைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் தருவதைவிட, மாணவரின் பேச்சைப் பதிவு செய்து, எத்தனை இடங்களில் உரிய வடிவம் தேவைப்பட்டது, எத்தனை இடங்களில் அது வந்தது, எத்தனை இடங்களில் தவிர்க்கப்பட்டது எனக் கணக்கிடும் ஆய்வே பொருத்தமானது. தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் இணைந்து மேற்கொள்ளத்தக்க களம் இது.

முடிவுரை

இடைநிலை மாணவரின் குறை விதியறியாமை அன்று. விதிகளுள் தேர்வு செய்யும் வாய்ப்புப் பெறாமையே. வடிவப் பயிற்சி அவ்வாய்ப்பைத் தருவதில்லை. கட்டற்ற உரையாடல் அதிலிருந்து தப்பிக்க இடந்தருகிறது. நோக்கத்தை அடிப்படையாகக் கொண்ட வினா விடை வகைப்பாடு, இரண்டிற்கும் இடையே நின்று, பேசுபவர் தாமே வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் தேவையை உருவாக்குகிறது. உற்றது உரைத்தல் நிறைவு நிகழ்காலத்தையும், உறுவது கூறல் நிபந்தனைத் தொடரையும், கொளல், கொடை வினாக்கள் ‘சம்’ என்னும் சொல்லின் பயன்பாட்டையும் விளக்குவது இதற்குச் சான்றாகும்.

தமிழ்வழி பயின்ற மாணவர், ஆங்கில வகுப்பில் தாம் எதுவும் அறியாதவர் என்னும் எண்ணத்தோடே பல நேரங்களில் அமர்ந்திருக்கிறார். ஒரு வினாவுக்கு எட்டு வகையாக விடையிறுக்கலாம் என்பதை அவர் முன்னரே கற்றிருக்கிறார். அவ்வறிவை ஆங்கில வகுப்பிலும் எடுத்தாள இடமளிப்பது, அவருடைய இலக்கணத்தோடு அவருடைய தன்னம்பிக்கையையும் வளர்க்கும்.